கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறேன்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம். கல்லூரியில் முதல் செமஸ்டர் மூன்று மாதம் முழுக்க, கிழக்கே கடற்கரையிலிருந்து பேருந்தில் செங்கல்பட்டுக்கு வந்துகொண்டு, வடக்கே கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதனால் யாருக்கும் பைசா பிரயோஜனம் இல்லை. என்னை யாரும் மிரட்டவும் இல்லை. முதல் நாள், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவன் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான்.

"எங்கேர்ந்து மச்சான் வர்ற?"

இந்தக் கேள்வியை நீங்கள் எந்த ஊரில் கேட்டாலும் பதில் கிடைக்கும். எங்கள் குப்பத்தில் கிடைக்காது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி எண்பது தொண்ணூறு வீடுகள். எல்லா வீட்டிலும் மீன் பிடிக்கிறார்கள், அல்லது பிடித்த மீனை விற்கிறார்கள். கடலடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்துக்கு 'பார்' என்று பெயர். மீன் அங்கேதான் கூடும். யாருக்கு எந்தப் பாரில் மீன் கிடைத்தது என்பது ராணுவ ரகசியம். கரைக்கு வந்த படகிடம் "எங்க வளைச்ச?" என்று கேட்பார்கள். தெற்கே வலையை வளைத்துப் போட்டவர் வடக்கே கையைக் காட்டுவார். கேட்டவர் தலையாட்டிவிட்டு மறுநாள் தெற்கே போவார். இதைத் தெரிந்துகொண்ட சிலர் தெற்கே வளைத்துவிட்டுத் தெற்கேயே கையைக் காட்டுவார்கள். கேட்டவர் வடக்கே போய் வெறும் வலையோடு திரும்புவார். யாருக்கும் கோபம் வராது. பொய் சொல்லாதவனைப் பார்த்தால்தான் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுவார்கள்.

என் அப்பா இதில் பெரிய ஆள். இடங்களைக் குறித்துவைத்திருக்கும் ஜிபிஎஸ் பெட்டியைத் துண்டால் மூடித்தான் எடுத்து வருவார். வீட்டுக்குள் டிவி பார்க்கும்போதும் அதன்மேல் துண்டு கிடக்கும். நான் ஒருமுறை துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ரத்தம்தான் எனக்கும். "எங்கேர்ந்து வர்ற?" என்று கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. கை தானாக வடக்கே போனது. காலையில் பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர் கூவிக்கொண்டிருந்த வரிசை காதிலேயே இருந்தது. அதில் முதலாவதாக வந்த ஊரைச் சொன்னேன்.

"கூடுவாஞ்சேரி."

"அட, நான் ஊரப்பாக்கம்பா. உனுக்கு அடுத்த ஸ்டேஷன்."

நடத்துநரின் வரிசையில் அதுதான் இரண்டாவது ஊர். என் அதிர்ஷ்டம் அப்படி.

குப்பத்துப் பையன் என்று சொல்ல வெட்கமா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் பெரிய காரணம் பழக்கம்தான். பதினெட்டு வருஷமாக எங்கே என்று கேட்டால் வேறெங்கோ என்று சொல்லிப் பழகிய வாய், அட்மிஷன் போட்டதும் திருந்திவிடுமா?

திருந்தவில்லை. அதோடு பொய்யைக் காப்பாற்றும் வேலையும் வந்து சேர்ந்தது. செங்கல்பட்டில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கம் பக்கம். காலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் நேராகக் கல்லூரிக்குப் போகாமல், ரயில் நிலையத்துக்குள் புகுந்து, படியேறி, படியிறங்கி, தாம்பரம் பக்கமிருந்து வந்த கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வருவேன். முகத்தில் ரயிலில் நின்றுகொண்டே வந்த அலுப்பு இருக்கவேண்டும் என்பதற்காகத் தலையை வேறு கலைத்துக்கொள்வேன். சாயங்காலம் ஊரப்பாக்கத்துக்காரனோடு பெட்டியில் ஏறி, "முன்னாடி பொட்டில ஒரு ஃப்ரெண்டு கீறான்" என்று சொல்லி இறங்கி ஓடி, பேருந்தைப் பிடிப்பேன். இரண்டு முறை இறங்குவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. நிஜமாகவே கூடுவாஞ்சேரி போய்விட்டேன். முதல் தடவை, வந்ததுதான் வந்தோம், நம் ஊரைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று வெளியே வந்து ஒரு பஜ்ஜி தின்றேன். நல்ல ஊர்தான்.

"எந்தத் தெருடா நீ?" என்று ஒருநாள் கேட்டான். கோயில் பக்கம் என்றேன். எந்தக் கோயில் என்றான். பிள்ளையார் கோயில் என்றேன். பிள்ளையார் கோயில் இல்லாத தெரு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது. எங்கள் பக்கத்தில், கேள்வி கேட்பதை நிறுத்துகிறவன்தான் ஆபத்தானவன்.

இரண்டாவது வாரத்தில் எங்கள் துறைத் தலைவி, நாங்கள் மேடம் என்று சொல்கிறவர், அவனையே வகுப்புப் பிரதிநிதியாக்கிவிட்டார். அன்றிலிருந்து அவன் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வந்து உட்கார்ந்தது. நீல அட்டை. வகுப்பில் யார் உள்ளே வந்தாலும் அதை எடுத்து ஏதோ எழுதுவான். வெள்ளிக்கிழமை தோறும் அதை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குள் போவான். வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

ஏன் சிரிக்க வேண்டும்?

நான் துப்பறிய ஆரம்பித்தேன். ஆதாரங்கள் பயங்கரமாக இருந்தன. எனக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து வைத்தான். கேட்காமலேயே கணக்கு நோட்டைக் கொடுத்தான். ஒருநாள் கேன்டீனில் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தான். எங்கள் குப்பத்தில் ஒருவர் காரணமில்லாமல் டீ வாங்கிக் கொடுத்தால், நேற்று நமக்கு மீன் எங்கே கிடைத்தது என்று அவருக்குத் தெரியவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். நான் அந்தச் சமோசாவைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். உருளைக்கிழங்குதான் இருந்தது. இருந்தாலும் பதில் டீ வாங்கிக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டேன்.

அவன் வகுப்புப் பட்டியலுக்காக எல்லோருடைய விவரமும் கேட்டபோது என் ரத்த வகையைக்கூட மாற்றிச் சொன்னேன். ரத்த வகையை வைத்து அவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் மாற்றிச் சொன்னேன்.

இப்போது நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். முதல் பீரியட் கணக்கு. கணக்கு சார் மணி அடித்து ஐந்து நிமிடம் பொறுப்பார், பிறகு கதவைச் சாத்திவிடுவார். எங்கள் பேருந்து சரியான நேரத்துக்கு வந்தாலே கதவு சாத்த மூன்று நிமிடம்தான் மிச்சம். ரயில் நிலையத்துக்குள் போய் வருவதற்கு எனக்கு எட்டு நிமிடம் ஆகும். ஆக, பொய்க்காக தினமும் ஐந்து நிமிடம் தாமதம். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே சார் நடத்தும் கணக்கைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பேன். வெளியே நிற்பவனுக்கு வருகைப்பதிவு கிடையாது. வருகை எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்றால் செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. எழுதாவிட்டால் அந்த செமஸ்டரை அடுத்த வருஷப் பையன்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் பொறுமை கிடையாது, நேராகப் படகில் ஏற்றிவிடுவார்கள்.

படகில் ஏறினால் என்ன என்கிறீர்களா? எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. குப்பத்தில் பிறந்து, அலையைத் தாண்டியதும் வாந்தி எடுக்கும் ஒரே பிறவி நான்தான். பத்தாவது லீவில் அப்பா அழைத்துப் போனார். நான் படகின் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தேன், மற்ற மூன்று பேரும் மறுபக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைக்கு வந்ததும் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இவனைப் படிக்க வைக்கலாம். இப்படித்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். இதுவும் போய்விட்டால் எனக்கு நிலமும் இல்லை, நீரும் இல்லை.

இந்த நிலையில், மூன்றாவது மாதம், திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வரும் சாலையில் குழாய் போடுவதற்குத் தோண்டினார்கள். கடற்கரைப் பக்கத்துப் பேருந்துகள் எல்லாம் அந்த வழிதான். பேருந்து அரை மணி, முக்கால் மணி தாமதமானது. முதல் பீரியட் என்பதே என் வாழ்க்கையிலிருந்து மறைந்துபோனது. அதே பக்கத்து அணுபுரத்திலிருந்து வரும் மூன்று பேர் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே கதி. ஆனால் அவர்கள் வேறு பேருந்து, என்னைப் பார்த்ததில்லை. அவர்கள் மூவரும் பிரதிநிதியிடம் போய் முறையிட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் அவன் வகுப்பின் முன்னால் நின்று அறிவித்தான்.

"திருக்கழுக்குன்றம் ரோட்டாண்ட தோண்டிகினு கீறாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க பேர் குடுங்க. ஃபர்ஸ்ட் பீரியட் அட்டெண்டன்ஸ் போட்டுக் குடுக்குறேன்னு மேடம் சொல்லிகீறாங்க. அந்தப் பக்கம் பஸ்ஸு எப்பவுமே லேட்டுன்னு, இந்த மூணு மாசத்துக்கும் சேத்து."

அணுபுரத்து மூவரும் கையைத் தூக்கினார்கள். என் கையும் மேலே போகத் தொடங்கியது. பாதி வழியில் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டேன். இது பொறி என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. மூன்று மாதமாகக் கூடுவாஞ்சேரி என்று சொன்னவன் இப்போது கையைத் தூக்கினால், பொய்யன் என்று வகுப்பு முன்னால் பிடித்துவிடுவார்கள். ஒரு மேடம் சும்மா எதற்கு வருகைப்பதிவைத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்? கரையில் மீன் கொட்டிக் கிடக்கிறது, வந்து அள்ளிக்கொள் என்று ஒருவர் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் போவார்களா? நான் போகவில்லை.

அறிவிப்பு முடிந்ததும் அவன் என் பெஞ்சுக்கு வந்தான். நோட்டைத் திறந்து பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டான்.

"உனுக்கு வேணாமா?"

"நான் கூடுவாஞ்சேரிடா."

"அத்த வுடு. பேர் எழுதட்டா, வேணாமா?"

குரலைத் தாழ்த்திக் கேட்கிறான். பேனா தயாராக இருக்கிறது. என் சந்தேகம் உச்சியில் ஏறி நின்றது.

"வேணாம்," என்றேன், கம்பீரமாக.

அவன் பேனாவை மூடினான். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான். எப்பேர்ப்பட்ட வலையிலிருந்து தப்பினோம் என்று அன்று மாலை பேருந்தில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வேறு சீட்டுக்கு மாறிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். அணுபுரத்து மூவரும் எண்பதுக்கு மேல். நான் அறுபத்தெட்டு. என் பெயருக்கு எதிரில் சிவப்பு மையில், பெற்றோருடன் வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பரீட்சைக்கு அனுமதி இல்லை.

வீட்டில் சொன்னேன். அதாவது, மேடம் கூப்பிடுகிறார்கள், நான் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரிக்கிறார்கள் என்று சொன்னேன். அப்பா வேறு எதையும் கேட்கவில்லை. மறுநாள் கடலுக்குப் போகாமல், கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். பேருந்தில் இரண்டு முறை மட்டும் வாயைத் திறந்தார். இரண்டு முறையும், "இன்னாத்துக்கு விசாரிக்கிறாங்க?" என்றுதான் கேட்டார்.

மேடம் அறையில் நாற்காலியின் நுனியில் அப்பா உட்கார்ந்தார். மேடம் முதலில் படகு, மீன் என்று பொதுவாக நல்லவிதமாக விசாரித்தார். அதுவே தப்பாகப் போயிற்று. அப்பாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பிறகு பேனாவை எடுத்தார் மேடம்.

"பையன் எந்தப் பக்கத்துலேர்ந்து காலேஜுக்கு வர்றான்னு சொல்லுங்க."

அப்பா மேடத்தைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு மேடம்?"

"சும்மா, ஒரு விவரத்துக்குத்தான்."

விவரம் என்ற சொல் அப்பாவின் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். அடுத்து என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க நேரமில்லை. வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து கை மெதுவாக எழுந்து, ஜன்னலைத் தாண்டி, தாம்பரம் போகும் திசையைக் காட்டியது.

"அப்டியே வடக்கால மேடம்."

மேடம் எழுதிக்கொள்ளப் போனார். வடக்கு என்று எழுதிவிட்டால் சாலைச் சலுகை கிடையாது, முடிந்தது கதை. பெற்ற தகப்பனை, அதுவும் கடல் வேலையை விட்டுவிட்டு வந்தவரை, ஒரு மேடம் முன்னால் பொய்யர் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க ஒரு படகின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"மேடம், அது பொய்," என்றேன்.

"டேய், சும்மா இர்ரா," என்றார் அப்பா.

நான் சும்மா இருக்கவில்லை. குப்பத்தின் பெயரைச் சொன்னேன். பேருந்தைச் சொன்னேன். ரயில் நிலையத்துக்குள் புகுந்து வந்ததைச் சொன்னேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக எங்கள் குப்பத்தின் பெயரை அந்தக் கட்டடத்தில் வாய்விட்டுச் சொன்னபோது, அது எனக்கே ஏதோ புது ஊர் போலக் கேட்டது. ரத்த வகையையும் திருத்திக்கொண்டேன். மேடத்துக்கு அது எதற்கு என்று புரியவில்லை.

மேடம் என் கோப்பைப் புரட்டி ஆதார் நகலை எடுத்துப் பார்த்தார். "நீ இத்தனை நாளா கூடுவாஞ்சேரின்னு சொல்லியிருக்க. இப்ப கடற்கரைங்குற. அப்பா வடக்க கையக் காட்டுறார். ஆதார்ல கடற்கரைன்னு இருக்கு, ஆனா மாமா வீட்டுல தங்கிப் படிக்கறவங்களும் இருக்காங்க. நான் யாரை நம்புறது?"

நியாயமான கேள்வி. என்னையே நான் நம்பமாட்டேன். மேடம் ஆளனுப்பி வகுப்புப் பிரதிநிதியைக் கூப்பிட்டார். அவன் நீல நோட்டோடு வந்து நின்றான். போச்சு, இன்றோடு என் வண்டவாளம் எல்லாம் படிக்கப்படும் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் நோட்டைத் திறக்கக்கூட இல்லை.

"அந்தப் பக்கம்தான் மேடம். ஒரு நாளு எங்க ட்ரெயின் லேட்டா வந்துச்சு, நான் எறங்கி ஸ்டேஷன் மேல படியில நின்னுகினு இருந்தேன். இவன் மாமல்லபுரம் பஸ்ஸுலேர்ந்து எறங்கி, உள்ள பூந்து, முடியக் கலைச்சுகினு வெளிய போறான். அப்புறம் நெறைய தபா பாத்துகீறேன்."

மேடம் கோப்பை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது. கீழே இறக்கியபோது முகம் பழையபடி கடுமையாக இருந்தது. பட்டியல் மேலே போய்விட்டது, முதல்வரிடம் தனியாகக் கேட்டுப் பெயரைச் சேர்க்கிறேன், ஆனால் கடைசி வேலை நாள் வரை ஒரு பீரியட் தவறினாலும் அனுமதி கிடையாது என்றார். இதை எழுதி நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டோம். அப்பா அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பி மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பையன் யாரு?"

"க்ளாஸ் ரெப்பு, நைனா."

"இம்மாம் நோட்டம் வுட்டுகினு கீறான். அவன்கிட்ட உஷாரா இரு."

அப்பா பேருந்து ஏறிய பிறகு நான் வகுப்புக்குப் போனேன். மீதி இருந்தது பதினேழு வேலை நாள். அந்தப் பதினேழு நாளும் தோண்டிய சாலைக்குப் பயந்து முதல் பேருந்தில் வந்தேன். மீன் ஏலம் தொடங்குவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பி, கல்லூரி வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்குள் வந்து நிற்பேன். இவ்வளவு சீக்கிரம் வருகிறவன் எதையோ திருடத்தான் வருகிறான் என்று அவர் நான்கைந்து நாள் என் பையைச் சோதித்தார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தேகப்படுகிற மனிதரைக் கண்டால் எனக்கு ஒரு சொந்தக்கார உணர்ச்சி.

கணக்கு சார் கதவைச் சாத்தும்போது நான் உள்ளே இருந்தேன். உள்ளிருந்து பார்க்க அது வேறு கதவாக இருந்தது. கணக்கு என்னவோ வெளியே நின்றபோது புரிந்த அளவுக்குத்தான் புரிந்தது.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கினேன். என் பெயர், என் படம், எல்லாப் பாடங்களும் சரியாக இருந்தன. வெளிச்சத்தில் பிடித்து முத்திரையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிரதிநிதி படிக்கட்டில் உட்கார்ந்து கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது சந்தேகத்தைத்தான் முதலில் கேட்டது. எல்லாம் முன்னாடியே தெரிந்திருந்தும், அன்றைக்கு நீயே என் பெயரை எழுதியிருக்கலாமே, ஏன் மச்சான் எழுதவில்லை என்றேன்.

அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீதானடா வேணான்ன."